ஒரே வாசல், இரண்டு வீடு: பல்லடம் பக்கம் அக்காவும் தங்கையும் கட்டிய வீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற பக்கம், ஊரைச் சற்றுத் தாண்டி ஒரு லேஅவுட். அதில் 11 சென்ட் மனை. கிழக்கே சாலை. சாலையை ஒட்டி 60 அடி, உள்ளே 80 அடி. இடம் அம்மாவின் பெயரில் இருந்தது. அவருக்கு இரண்டு மகள்கள். இருவருக்கும் கல்யாணமாகி ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். அம்மாவையும் சேர்த்தால் ஒன்பது பேர். இந்த வீட்டை வரைந்து கொடுத்தது நான். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளும் சிக்கல்களும் உள்ளபடியே இருக்கின்றன.

அண்ணன் தம்பி சேர்ந்து வீடு கட்டுவது நம் பக்கம் வழக்கம்தான். அக்காவும் தங்கையும் சேர்ந்து கட்டுவது குறைவு. இதில் ஒரு விசேஷம் உண்டு. அக்காவும் தங்கையும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள், அவர்களுக்குள் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் சகலைகள் இருவரும் கல்யாணத்துக்குப் பிறகு அறிமுகமானவர்கள். மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள், ஒருவர் முன்னால் மற்றவர் பனியனோடு நிற்க மாட்டார். ஆக, பெண்களுக்குத் திறந்த வீடு வேண்டும், ஆண்களுக்கு மூடிய வீடு வேண்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும்.

வேலை நேரமும் ஒத்துவராது. அக்கா வீட்டுக்காரருக்குத் தோட்டம் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு பால் பீச்சப் போவார். தங்கை வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஷிப்மெண்ட் நெருங்கினால் நள்ளிரவுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார். ஒருவர் எழுகிற நேரத்தில்தான் மற்றவருக்குத் தூக்கமே பிடிக்கும்.

எதை மறைக்க வேண்டும்?

எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "எங்களுக்குள்ள என்னங்க ஒளிவுமறைவு, தாராளமாப் போடுங்க." அதை வைத்து வரைபடம் போட்டால் வீடு ஆறு மாதத்தில் கசக்கும். அதனால் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிறவரை, எந்த வேலையை அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் படாமல் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?

வந்த பதில்களில் படுக்கையறை பற்றி யாருமே பேசவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். பிள்ளையை அதட்டுவது பெரியம்மா வீட்டுக்குக் கேட்கக் கூடாது. ஆன்லைனில் வாங்கிய பார்சல் வரும்போது ஆளுக்கு ஆள் "என்ன வந்துச்சு" என்று கேட்கக் கூடாது. உள்ளாடைகள் காய்கிற கொடி அடுத்த வீட்டு ஆண்கள் நடக்கிற பக்கம் இருக்கக் கூடாது. இதைத் தங்கை நேராகச் சொல்லவில்லை. "துணி காயப்போட மாடியில எனக்குன்னு ஒரு மூலை வேணுங்க" என்றார், புரிந்தது. அக்கா வீட்டுக்காரர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். விரத நாட்களில் பக்கத்து வீட்டுக் கோழிக் குழம்பு வாசம் வரக்கூடாது என்பது அவர் கணக்கு.

எல்லோரும் சொன்ன ஒன்றும் உண்டு: ஒரம்பரை, அதாவது வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள். கொங்கு வீட்டில் படியேறி வருகிற யாரைப் பார்த்தாலும் "வாங்க" என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அது ஊர் முழுக்கப் போகும். "போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்பது சின்னக் குற்றச்சாட்டு இல்லை. அக்கா வீட்டுக்குப் புகுந்த வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் தங்கையின் வாசற்படியைத் தாண்டிப் போகும்படி வீடு இருந்தால், தங்கை நைட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, வாங்க கேட்டு, தண்ணீர் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வாரத்தில் நாலு தடவை இது நடந்தால் எவ்வளவு தடிமனான சுவர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இந்த வீட்டை வரைந்ததற்கு அடிப்படை இதுதான். யார் எங்கே போவதற்கு யாரைத் தாண்ட வேண்டும் என்று முதலில் பார்ப்பது. அறைகளை அப்புறம் அடுக்கிக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய குடியிருப்பே அப்படித்தான். அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை (தோட்டத்து வீடு), நடுவே காடும் கிணறும் இட்டேரியும் (வேலிகளுக்கு நடுவே போகிற பாதை). பிள்ளைகள் தனிக் குடித்தனம் போனால் அதே பூமியில் நாலு வயல் தள்ளி இன்னொரு சாளை போட்டார்கள். தூரமே மறைவைக் கொடுத்தது. 60 அடி மனையில் அந்தத் தூரம் கிடையாது.

வேண்டாம் என்று வைத்தவை

மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்பது செலவு குறைந்த வழி. ஒரே அஸ்திவாரம், ஒரே கூரை. இருந்தும் வேண்டாம் என்றோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடியேற முடியாது. அவர் கீழ் வீட்டு ஆளாகிவிடுவார், மேல் வீட்டு மகள் ஒரம்பரையாகிவிடுவாள். சத்தமும் ஒரு காரணம். பேச்சுச் சத்தத்தைக் கான்கிரீட் தளம் நன்றாகவே தடுக்கும். நாற்காலி இழுப்பது, இடிகல்லில் மசாலா இடிப்பது, பிள்ளைகள் குதிப்பது போன்ற அடி விழும் சத்தத்தைத் தளமே கீழே கொண்டு போகும். நள்ளிரவில் வருகிறவர் மேலே, நாலரைக்கு எழுகிறவர் கீழே என்று இருந்தால் இருவருமே தூங்க முடியாது. மொட்டை மாடி யாருக்கு, தோட்டத்து மண் யாருக்கு என்ற சண்டை தனி.

முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்தால் பின்கட்டுக்காரர்கள் ஆயுள் முழுக்க முன்கட்டைத் தாண்டியே போக வேண்டும். வாங்க கேட்கிற கணக்கில் அது அங்கேயே அடிபட்டுவிட்டது.

தொட்டிக்கட்டு வீடு மாதிரி நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள் என்ற யோசனை பிள்ளைகளிடமிருந்து வந்தது. படங்களில் அழகாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஒரு உலை, ஒரு குடும்பம், மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாக் கதவும் தெரிய வேண்டும் என்ற காலத்து அமைப்பு. எல்லோரும் எல்லோரையும் பார்ப்பதற்காகவே கட்டியது. இரண்டு உலைக்கு அதை அப்படியே எடுத்தால் முற்றத்தைச் சுற்றி எப்போதும் திரை தொங்கும்.

நடுப்பட்டை

பக்கம் பக்கமாக இரண்டு வீடு என்று முடிவானதும், நடுவில் பொதுச்சுவர் ஒன்று போதும் என்றுதான் மேஸ்திரி சொன்னார். முன்னால் 16 அடி வாசல், பின்னால் 9 அடி, இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி விட்டால் கட்டட அளவு 50க்கு 55 அடி. நடுவில் ஒரே சுவர் வைத்தால் ஆளுக்கு 25 அடி அகல வீடு. அந்தச் சுவர்ப் பக்கம் ஜன்னலே வைக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே சுவரில் ஆணி அடிப்பார்கள், அலமாரிக் கதவு சாத்துவார்கள், ஸ்விட்ச் பெட்டிக்குக் காடி வெட்டுவார்கள்.

அதனால் ஒரு சுவரை எடுத்து, அந்த இடத்தில் 11 அடி அகலத்தில் ஒரு பட்டையை வைத்தோம். வீடுகள் ஆளுக்குப் பத்தொன்பதரை அடி. இந்தப் பட்டைக்காக 55 அடி நீளத்துக்கு இன்னொரு முக்கால் அடிச் சுவர் கூடுதல், 10 அடி உயரத்துக்குச் சுமார் 5,500 செங்கல். அகலமும் ஆளுக்கு ஐந்தரை அடி போகிறது. தங்கை வீட்டுக்காரர் இதை உடனே ஏற்கவில்லை. "ஹால் சின்னதாயிடுமுங்களே" என்றார். நியாயமான கேள்வி. சோபாவை எங்கே போடுவீர்கள், டிவி எங்கே என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாற்காலிகளை வைத்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சரி என்றார்.

பட்டையில் கிழக்கிலிருந்து மேற்காக வருவது: 12 அடிக்குப் பொது ஆசாரம் (முன்கூடம்), 12 அடிக்கு அம்மாவின் அறை, 5 அடிக்கு அவர் குளியலறை, 14 அடிக்கு வானம் பார்த்த முற்றம், கடைசி 12 அடிக்கு இரண்டு சாமான் அறைகள். சாமான் அறைகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வடக்கு வீட்டின் கன்னிமூலை (தென்மேற்கு) படுக்கையறை சரியாக அந்த இடத்தை ஒட்டி வருகிறது. நெல் மூட்டையும் பழைய பாத்திரமும் இருக்கிற அறை சத்தம் போடாது. அட்டாலி, அதாவது பரணும் அங்கேயே.

மூத்தவளுக்குத் தெற்கு, இளையவளுக்கு வடக்கு. இதை அம்மா முடிவு செய்துவிட்டார், யாரும் பேசவில்லை.

இரண்டு அக்னிமூலை

பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றைத் திருப்பி இன்னொன்றாக வரைவது சுலபம். சமையலறைக்கு நேர் சமையலறை, குளியலறைக்கு நேர் குளியலறை வரும். குழாய்ச் செலவு மிச்சம், சத்தத்தோடு சத்தம் சேரும். ஆனால் அப்படித் திருப்பினால் தெற்கு வீட்டுக்குத் தென்கிழக்கில் அடுப்பு இருக்கும்போது வடக்கு வீட்டுக்கு அது வடகிழக்கில், ஈசானியில் போய் நிற்கும். கொங்கு நாட்டில் ஈசானியில் அடுப்பு வைத்து வீடு கட்டச் சொல்லிப் பாருங்கள், அடுத்த வேலை கிடைக்காது.

திருப்பாமல் அப்படியே நகலெடுத்தால் வடக்கு வீட்டின் அக்னிமூலை, அதாவது தென்கிழக்கு மூலை, பொது ஆசாரத்தை ஒட்டி வரும். தாளிக்கிற நெடி அம்மாவின் அறைக்குப் போகும். வருகிற ஒரம்பரைக்கெல்லாம் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடும்.

வாஸ்து பார்ப்பவர்களே இரண்டாவது இடமாக ஒத்துக்கொள்வது வாயு மூலை, அதாவது வடமேற்கு. எனக்கு வாஸ்துவில் பெரிய பிடிப்பு கிடையாது, ஆனால் இந்த வீட்டில் அது நல்ல வேலை செய்தது. அக்காவின் சமையலறை தென்கிழக்கில், முன்பக்கம். தங்கையுடையது வடமேற்கில், பின்பக்கம். கட்டடத்தின் நேரெதிர் மூலைகள், இதைவிடத் தள்ளி வைக்க இடமே இல்லை. மிக்ஸிச் சத்தமும் குக்கர் விசிலும் அடுத்த வீட்டுக்கு எட்டவில்லை.

காற்றையும் பார்த்தோம். பல்லடம், தாராபுரம், உடுமலை என்று இந்தப் பக்கம் முழுக்க ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற மேற்குக் காற்று ஆளைத் தள்ளும். சும்மாவா இத்தனை காற்றாலை நிற்கிறது? அந்தக் காற்று அக்கா வீட்டுச் சமையல் வாசத்தை நேரே சாலைப் பக்கம் கொண்டு போய்விடும். தங்கை வீட்டுச் சமையலறையிலோ மேற்கு ஜன்னல் வைத்தால் புகை, வாசம் எல்லாம் திரும்பி அவர்கள் ஹாலுக்கே வரும். அதனால் அங்கே மேற்குச் சுவரை மூடி, ஜன்னலை வடக்கில் வைத்து, சிம்னிக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றினோம். தைப்பூசம் வருகிற காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், அப்போது தங்கை வீட்டு வாசம் பின்பக்கத் திறப்பை நோக்கிப் போகும். விரதக்காரருக்குப் பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

குறுக்குச் சுவர்

முற்றம் 11க்கு 14 அடி. இரண்டு வீட்டின் சாப்பிடும் இடமும் அதைப் பார்த்து இருக்கிறது. வெளிச்சம் வேண்டும், ஒருவர் தட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. ஜன்னலைத் தள்ளித் தள்ளி வைத்தால் போதாது, உட்கார்ந்த இடத்திலிருந்து கோணலாகப் பார்த்தால் தெரியும். நடுவே நேர்ச்சுவர் எழுப்பினால் இரண்டு பக்கமும் ஐந்தடிச் சந்தாகிவிடும்.

வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குக் குறுக்காக ஒரு சுவரை இழுத்தோம், 7 அடி உயரம். முற்றம் இரண்டு முக்கோணமானது. வடக்கு வீட்டின் திறப்பு கிழக்குப் பாதியில் இருக்கிறது, அங்கே அதன் முக்கோணம் அகலம். தெற்கு வீட்டின் திறப்பு மேற்குப் பாதியில், அங்கே அதன் முக்கோணம் அகலம். ஆளுக்கு ஒரு மூலை, ஆளுக்கு ஒரு மரம் வைக்கிற இடம். தங்கை வீட்டில் பவளமல்லி, அக்கா வீட்டில் கறிவேப்பிலை.

சுவரின் மேல் மூன்று அடியைச் செங்கல் ஜாலியாக (இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல்) விட்டோம், காற்றும் வெளிச்சமும் தாண்டட்டும் என்று. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டம் நாலடிக்குப் பக்கம்தான் வரும், ஆகவே கீழ் நாலடி கட்டுச்சுவர். நிற்கிறவர் ஜாலி வழியாகப் பார்க்கலாமே என்றால், பகலில் வெளியே வெயில், உள்ளே இருட்டு, பார்த்தாலும் உள்ளே தெரியாது. இரவில் இது தலைகீழ். விளக்குப் போட்ட அறை எதிர்ப் பக்கத்துக்கு அப்படியே தெரியும். ஜாலி வைத்துவிட்டோம், மறைவு வந்துவிட்டது என்று நினைக்கிற பல வீடுகளில் ராத்திரி போய் நின்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இங்கே திறப்புகளுக்கு மரக் கதவு கொடுத்தோம், பொழுது சாய்ந்ததும் சாத்திக்கொள்கிறார்கள். மாடியில் முற்றத்தைப் பார்த்து ஜன்னலே கிடையாது. ஏழடிச் சுவர் மேலிருந்து பார்ப்பவருக்குத் தடையில்லை என்பதால் மாடி ஜன்னலெல்லாம் வெளிப்பக்கம்.

இந்த முற்றத்தில் தீராத குறை ஒன்று உண்டு: சத்தம். இரண்டு பக்கமும் பூசிய முக்கால் அடிச் சுவர் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். ஆகச் சுவர் வழியே பேச்சு போகாது, திறந்த ஜன்னல் வழியேதான் போகும். நாலு பக்கமும் சுவர் உள்ள முற்றம் அதை வாங்கி எதிர் ஜன்னலுக்குக் கொடுக்கும். வெளிச்சம் வேண்டுமென்றால் இதையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று முன்பே சொல்லித்தான் வரைந்தோம். கதவு திறந்திருந்தால் சாப்பிடும்போது பேசுவது கேட்கும். குடும்ப விஷயம் பேச அவர்கள் முன் ஹாலுக்குப் போய்விடுகிறார்கள்.

அம்மாவின் அறை

இதுவரை அம்மா மாதம் ஒரு மகள் வீட்டில் இருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதும். மகள்களுக்கு அதில் மனக்குறை, ஊருக்குப் பேச்சு. புது வீட்டில் அவர் அறை நடுவில் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டு வீட்டுக்கும் அந்த அறையிலிருந்தே கதவு வைத்துவிடலாம், எந்த மகளும் ஓடிவர வசதி என்று மகள்கள் கேட்டார்கள். வரைபடத்தில் அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அம்மா படத்தைப் பார்த்தார். படம் புரியாது என்று நினைத்துப் பேத்தி விளக்க ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியுது கண்ணு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏஞ்சாமி, ரெண்டு பக்கமும் கதவு வெச்சா அது ரூமா, இட்டேரியா?"

அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகள் பெரியம்மா வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் அம்முச்சி (அம்மாவின் அம்மா) கட்டிலைச் சுற்றித்தான் ஓடுவார்கள். ஒரு டம்ளர் சர்க்கரை அந்த வழியாகத்தான் போகும். ஒன்பது பேருக்கு மறைவு தேடி வரைந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் அது இல்லாமல் போயிருக்கும். முதியவர்களுக்குத் துணை வேண்டும் என்று நினைக்கிற நாம், அவர்களுக்கும் கதவைச் சாத்திக்கொள்ள ஆசை இருக்கும் என்று நினைப்பதில்லை. மதியம் ஜாக்கெட் இல்லாமல் சேலையைச் சுற்றிக்கொண்டு படுக்கிற பழக்கம் அவருக்கு. அதையும் அவரே சொன்னார்.

முடிவில் அவர் அறைக்கு ஒரே கதவு, பொது ஆசாரத்தைப் பார்த்து. ஆசாரத்துக்குத் தெற்கே அக்கா வீட்டுக் கதவு, வடக்கே தங்கை வீட்டுக் கதவு, கிழக்கே வாசலுக்குப் போகும் கிரில் கதவு. ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் அவரவர் உள்பக்கம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உள்வழியாகப் போக வேண்டுமானால் இரண்டு பேரும் திறந்திருக்க வேண்டும். தாழ் போட்டால் கோபம் என்று அர்த்தமில்லை என்பதைக் குடி வரும் முன்பே பேசிவைத்தார்கள். இதைப் பேச வைப்பதும் வடிவமைப்பாளர் வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஒரு பெல் ஸ்விட்ச். அழுத்தினால் இரண்டு வீட்டிலும் அடிக்கும். அறைக்கும் குளியலறைக்கும் நடுவே படி கிடையாது, கதவு மூன்றடி அகலம், கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சீரியல் சத்தமாக ஓடும். டிவியை வடக்கு, தெற்குச் சுவர்களில் மாட்டாமல் மேற்கே குளியலறைச் சுவரில் மாட்டினோம். அந்த இரண்டு சுவரிலும் அலமாரி. ஆசாரத்துக்கும் அவர் அறைக்கும் மேலே மாடி கட்டவில்லை, சாய்வான ஓட்டுக்கூரை. தலைக்கு மேல் யாரும் நடக்க முடியாது என்பதற்காகவே ஓடு.

முன்னும் பின்னும்

இரண்டு கேட் வைத்தால் பிரிந்துவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்பது அக்காவின் கவலை. நடுவில் 14 அடியில் ஒரே கேட். உள்ளே வந்ததும் வழி இரண்டாகப் பிரிந்து, நடுவில் இரண்டரை அடி உயரத்தில் கருங்கல் திண்ணை. தெற்கு வழியில் வருபவர் அக்கா வீட்டு முன்கதவுக்கு, வடக்கு வழியில் வருபவர் தங்கை வீட்டு முன்கதவுக்கு. இரண்டு கதவும் கிழக்கைப் பார்த்தவை, ஒன்றின் உள்ளே இன்னொன்றிலிருந்து தெரியாது. ஹால் ஜன்னல் அடிமட்டம் வாசல் பக்கம் நாலரை அடி. உள்ளே உட்கார்ந்திருப்பவர் அடுத்த வீட்டு ஒரம்பரையைப் பார்க்கவில்லை என்றால் வாங்க கேட்காததும் குற்றமில்லை.

அக்கா வீட்டுக்காரரின் வண்டி தென்கிழக்கில், தங்கையின் படுக்கையறையிலிருந்து முடிந்தவரை தூரத்தில் நிற்கும். கேட்டைச் சக்கரத்தில் ஓடவிடாமல் கீல் வைத்ததாகச் செய்து, அதற்குள் சின்னத் திட்டிவாசல் ஒன்று கொடுத்தோம். நாலரைக்கு அதை மட்டும் திறந்து வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சாலையில் ஸ்டார்ட் செய்வார்.

பின்னால் பொடக்காலி, அதாவது கொல்லைப்புறம். அங்கே சுவரே வைக்கவில்லை. துவைக்கிற கல், பாத்திரம் கழுவும் மேடை எல்லாம் பொது. இரண்டு வீட்டின் பின்கதவும் அங்கேதான் திறக்கும். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்க ஆசாரத்துக் கதவையும் சகலைகளையும் தாண்ட வேண்டியதில்லை. துணிக்கொடி மட்டும் மாடியில், தனித்தனியாக, 5 அடிக் கைப்பிடிச் சுவருக்குள்.

தண்ணீர், கரண்ட், பத்திரம்

சண்டை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கும், இருந்தாலும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். போர்வெல் ஒன்று, உப்புத் தண்ணீர். மாடியில் ஆளுக்கொரு 1,000 லிட்டர் தொட்டி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்கிற வழக்கமான கணக்கில் ஒன்பது பேருக்கு 1,215 லிட்டர், போதும். ஒரு வீட்டில் குழாய் ஒழுகினால் அவர்கள் தொட்டிதான் காலியாகும். மோட்டாரை யார் போடுவது என்ற கேள்வி வராமல் இருக்கத் தானியங்கிக் கட்டுப்பாடு, கரண்ட் செலவைப் பிரிக்க ஒரு சப் மீட்டர். நல்ல தண்ணீர்த் தொட்டியும் தனித்தனி. செப்டிக் டேங்க் ஒன்று, அதற்குப் போகிற சேம்பர்கள் தனி. அடைத்தால் யார் வீட்டுப் பக்கம் என்று மூடியைத் திறந்தாலே தெரியும்.

தனி வாசல், தனிச் சமையலறை, தனி ஒயரிங் இருப்பதால் மின் இணைப்பு இரண்டு வாங்க முடிந்தது. இலவச யூனிட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. சோலார் போட்டாலும் தனித்தனியாகப் போடலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், மாடியில் சுமார் 300 சதுர அடி வேண்டும். அதற்கான இடத்தை வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டியிருக்கிறோம்.

மனை 2,500 சதுர அடிக்குள் இருந்திருந்தால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் சுலபமாக அனுமதி வாங்கியிருக்கலாம். இது 4,800 சதுர அடி, வழக்கமான வழியில்தான் போக வேண்டியிருந்தது. மனையை இரண்டாகப் பிரித்துப் பத்திரம் போட்டிருந்தால் நடுக்கோட்டிலிருந்து பக்கத்தில் காலியிடம் விடச் சொல்லியிருப்பார்கள், நடுப்பட்டையே கட்ட முடியாது. அதனால் அம்மா இரண்டு மகள்களுக்கும் பிரிபடாத சரிபாதியாக எழுதிவைத்தார். அதிலே தன் ஆயுள்வரை அந்த அறை தன்னுடையது என்றும், இரண்டு வீட்டுக்கும் ஒன்றின் மேல் ஒன்றுக்கு வழிப்பாத்தியமும் காற்று வெளிச்சப் பாத்தியமும் உண்டு என்றும், முற்றத்தின் மேல் யாரும் எதுவும் கட்டக்கூடாது என்றும் சேர்த்தார்கள். தங்கை வீட்டுக்கு மட்டும் வங்கிக் கடன் தேவைப்பட்டது. மனை பிரிபடாததால் அக்காவும் அடமானத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எவ்வளவு கடன், எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் அக்கா வீட்டுக்கும் தெரிந்துபோனது. எந்தச் சுவராலும் மறைக்க முடியாத விஷயம் இது. தங்கை வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் அதில் சங்கடம் உண்டு.

குடி வந்த பிறகு

ஒரு தைப்பூசம், ஒரு ஆடிக்காற்று இரண்டும் தாண்டிய பிறகு போய்ப் பார்த்தேன். ஆசாரத்தில் வடக்குக் கதவு ஞாயிறு தவிர மற்ற நாட்களில் தாழ் போட்டே இருக்கிறது, தெற்குக் கதவு திறந்தே கிடக்கிறது. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. பிள்ளைகள் நால்வரும் ஆசாரத்தைப் படிக்கிற இடமாக்கிவிட்டார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு அங்கேதான் விடிய விடிய விளக்கு எரிந்ததாம். அம்மா தன் கதவை மதியம் ஒன்றரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்.

பார்சல் மட்டும் சரியாகவில்லை. கொண்டு வருகிற பையன்கள் எந்த வழி யாருக்கு என்று பார்ப்பதில்லை, நடுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட் தூணில் இரண்டு கதவெண்ணும் இரண்டு பூட்டுப் பெட்டியும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பொடக்காலியில் தகரக் கூரை ஒன்று புதிதாக முளைத்திருந்தது, கீழே கயிற்றுக் கட்டில். சாயங்காலம் இரண்டு பெண்களும் அங்கேதான். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் பின்பக்கம் வருவதில்லை என்று அக்கா சொன்னார்.

இந்த வீட்டைப் பார்த்துவிட்டு ஐந்தாறு சென்ட் இடம் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். 40 அடி அகலத்தில் 11 அடிப் பட்டைக்கு இடமில்லை. அங்கே நான் முற்றத்தைத்தான் முதலில் நீக்குவேன். வெளிச்சத்துக்கு மாடியில் கண்ணாடித் திறப்பு வைத்துக்கொள்ளலாம், சத்தத் தொந்தரவும் அதோடு போகும். பட்டை ஆறடியாகச் சுருங்கி, அதில் இரண்டு வீட்டுப் படிக்கட்டும் சாமான் அறையும் போகும், பொது ஆசாரம் முன் திண்ணையாகிவிடும். பெரியவர் அறையை ஏதாவது ஒரு வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டிவரும், எந்த வீடு என்பதை அவரிடமே கேட்க வேண்டும். கேட்டுக்குள் வந்ததும் வழி பிரிவது, சமையலறைகள் எதிரெதிர் மூலைக்குப் போவது, தாழ்ப்பாள் அவரவர் பக்கம் இருப்பது, இந்த மூன்றையும் ஐந்து சென்ட்டிலும் செய்யலாம். மூன்று சென்ட் என்று வருகிறவர்களிடம் மேலும் கீழுமாகத்தான் கட்டியாக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். மாடிப்படியை வெளியில் வைத்து, மேல்தளத்துத் தரை டைல்ஸுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, மேல் வீட்டுப் படுக்கையறைக்குக் கீழே கீழ் வீட்டுப் படுக்கையறையே வரும்படி வரைந்து கொடுக்கிறேன்.